கின்னஸ் என்னும் பெயரும் நம் தந்தையர் பெயரும்



மொழியியல் கற்றவன் பெயர்களைப் பற்றிப் பேச வந்தால், சங்கப் புலவர் பெயர்களையோ ஊர்ப்பெயர்களையோ எடுத்துக்கொள்வான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றிற்கும் வருவேன். ஆனால் தொடங்கப்போவது ஓர் அயர்லாந்துக் குடும்பப் பெயரிலிருந்து. அதற்குக் காரணம் நான் வாழும் ஊர்.

சுங்கை வே இன்று ஸ்ரீ செத்தியா எனப் பெயர் மாறிவிட்டது. பழையவர்கள் நாவில் அது இன்றும் சுங்கை வேதான். அங்கே 1960களில் ஒரு மதுபான ஆலை எழுந்தது. அதன் பெயர்ப்பலகையில் ‘கின்னஸ்’ என்று எழுதியிருந்தது. 1989இல் அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தபோதும் அப்பெயர் முன்னே நின்றது. 2016இல்தான் நிறுவனப் பெயர் மாறியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் பேருந்தில் பயணம் செய்த என் தலைமுறையினர் அப்பெயரைப் பலமுறை படித்திருப்பர். குடியால் நலிந்த தோட்டப்புறக் குடும்பங்களை நேரில் கண்டவன் நான். ஆகவே அந்தப் பானத்தைப் பற்றிப் பேசுவது என் நோக்கமன்று. அந்தப் பெயரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

மாணவர்களுக்கு அப்பெயர் வேறு வழியாக அறிமுகமாகியிருக்கும். ‘கின்னஸ் சாதனை’ என்னும் தொடரைத் தமிழ் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். 1951இல் அயர்லாந்தில் பறவை வேட்டைக்குச் சென்றிருந்த அந்நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் ஹியூ பீவர், வேட்டைப் பறவைகளுள் மிக விரைவாகப் பறப்பது எது என்னும் வாக்குவாதத்தில் சிக்கினார். விடை சொல்ல ஒரு நூல் இல்லையே என்று அவருக்குத் தோன்றிய எண்ணமே 1955இல் சாதனை நூலாக வெளிவந்தது. அன்று முதல் ஒரு குடும்பத்தின் பெயர் உலக மொழிகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அப்பெயரைச் சுமக்கும் மக்கள் மிகச் சிலர். அதனை அறிந்த மக்களோ கோடிக்கணக்கானோர். இப்படிப்பட்ட புகழ் வேறு எந்தக் குடும்பப் பெயருக்கும் எளிதில் வாய்த்ததில்லை.

பெயருக்குள் மறைந்திருக்கும் மகன்

இப்பெயரின் பொருள் என்ன?

ஐரிய மொழியில் ‘மாக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். அயர்லாந்துக் குடும்பப் பெயர்களுள் பெரும்பாலானவை இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தலையில் கொண்டவை. அந்நாட்டில் மிகப் பலர் தாங்கும் பெயராகிய மர்ஃபி, ‘ஓ முர்ஹதா’ என்பதன் ஆங்கில வடிவம். கடற்போர் வீரன் என்னும் பொருளுடைய ஒருவனின் வழித்தோன்றல் என்பது அதன் கருத்து. 1014இல் குளோண்டார்ஃப் போரில் மடிந்த பிரையன் போரு என்னும் அரசனின் வழியினர் ‘ஓ பிரையன்’ ஆயினர். பரம்பரைக் குடும்பப் பெயர்கள் ஐரோப்பாவிலேயே முந்தி உருவான நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளிலேயே அவை அங்கு வேர்விடத் தொடங்கின.

கின்னஸ் என்பது ‘மாக்’ வகையைச் சேர்ந்த பெயர் எனக் கொள்வதே மரபு. அதன் மூல வடிவம் ‘மாக் ஏங்குசா’, அதாவது ‘ஏங்குஸ் என்பவனின் மகன்’. ஏங்குஸ் என்பது பழைய ஐரியப் பெயர். ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயரும் ‘ஆற்றல்’ அல்லது ‘தேர்வு’ எனப் பொருள்படும் சொல்லும் இணைந்து பிறந்தது. ஒப்பற்ற ஆற்றலுடையவன் என்று நாம் விரித்துக்கொள்ளலாம். அயர்லாந்துத் தொன்மக் கதைகளில் இளமைக்கும் காதலுக்கும் உரிய தெய்வத்தின் பெயரும் இதுவே.

இனி ஒலி மாற்றத்தைக் கவனியுங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன் ‘மாக்’ என்பதன் ஈற்று மெய் ஒலிப்புடை ஒலியாக மாறியது. நாம் ‘அகம்’ என்று சொல்லும்போது இடையில் வரும் ககரம் மென்மையாக ஒலிக்கிறதல்லவா, அதற்கு நெருங்கிய மாற்றம் அது. ஏங்குசா என்பதன் நடுவிலிருந்த ககர ஒலி பேச்சில் தேய்ந்து மறைந்தது. இவ்வாறு திரிந்த பெயரை ஆங்கிலேயர் தம் எழுத்தில் ‘மகென்னிஸ்’ என்றும் ‘மெகின்னஸ்’ என்றும் எழுதினர். பின்னர்ச் சிலர் முன்னொட்டைக் கைவிட்டனர். ஆயினும் அது முழுவதும் நீங்கவில்லை. ‘மாக்’கின் கடைசி மெய், தந்தை பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கின்னஸ் என்பதன் முதல் எழுத்து, மகன் என்னும் சொல்லின் எச்சம்.

வேல்சு மொழியிலும் இதே நிகழ்ந்தது. அங்கே மகனைக் குறிப்பது ‘மாப்’. பெயரின் முன் அது ‘ஆப்’ எனக் குறுகும். ‘ஆப் ஹவெல்’ பவல் ஆயிற்று. ‘ஆப் ரீஸ்’ பிரைஸ் ஆயிற்று.

நம் வழக்கில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மலேசியத் தமிழர் பெயர்களில் ‘ஏ/எல்’ என்று எழுதுகிறோம். ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன் என்னும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது. பெண்ணுக்கு ‘ஏ/பி’, ‘அனாக் பெரம்புவான்’. ‘ஏ/எல் முத்து’ என்பதை யாரோ ஒருவர் காலப்போக்கில் ‘எல்முத்து’ என்று எழுதி, அவர் பேரப்பிள்ளைகள் அதனையே குடும்பப் பெயராகக் கொண்டால் எப்படி இருக்கும்? கின்னஸ் அப்படிப்பட்ட பெயர். சுங்கை வேயின் அந்தப் பலகையில் ஓர் ‘ஏ/எல்’ ஒளிந்திருந்தது. அதனைப் பார்த்துக்கொண்டே தம் அடையாள அட்டையில் ‘ஏ/எல்’ சுமந்த தமிழர்கள் பேருந்தில் சென்றார்கள்.

வேறொரு மூலமும் உண்டு

ஆய்வாளன் ஒரு விளக்கத்தோடு நிறைவடைதல் ஆகாது. 1759இல் டப்ளின் நகரில் ஆலையைக் குத்தகைக்கு எடுத்த ஆர்தர் கின்னஸின் குடும்பம், அல்ஸ்டர் மாநிலத்து டவுன் மாவட்டத்தில் ஈவாக் என்னும் நிலப்பகுதியை ஆண்ட மகென்னிஸ் குடியின் வழிவந்ததாகக் கூறிக்கொண்டது. ஆண்டுக்கு 45 பவுனுக்கு 9,000 ஆண்டுக் குத்தகை எடுத்த குடும்பம் அது! 1891இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் செசில் பிரபுப் பட்டம் பெற்றபோது ‘ஈவாக்’ என்னும் பெயரையே பட்டத்திற்குத் தேர்ந்துகொண்டார்.

ஆனால் அண்மைக் கால மரபணு ஆய்வு, அக்குடும்பம் அதே மாவட்டத்தின் மற்றொரு குடியாகிய மெக்கார்ட்டன் வழியைச் சேர்ந்ததாகலாம் எனக் காட்டியது. அக்குடி வாழ்ந்த வட்டாரத்தில் கின்னஸ் என்றே ஒலிக்கும் ஒரு சிற்றூரும் இருக்கிறது. அவ்வாறாயின் ஆர்தரின் பெயர் தந்தை வழி வந்ததன்று, ஊர் வழி வந்ததாகும்.

இதிலிருந்து மாணவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லின் வரலாறு வேறு. அச்சொல்லைத் தாங்கிய மனிதரின் வரலாறு வேறு. ‘மகென்னிஸ்’ என்பது ஏங்குஸ் மகன் என்பதில் ஐயமில்லை. டப்ளின் ஆர்தர் அவனுடைய வழித்தோன்றலா என்பது தனிக் கேள்வி. ஒரே ஒலியில் இரண்டு மூலங்கள் வந்து சேர்வது பெயராய்வில் அரிதன்று.

ஒலி ஒப்புமை உறவாகாது

இந்நேரம் உங்களுள் சிலர் மனத்தில் ஒரு மகிழ்ச்சி எழுந்திருக்கும். மாக் என்றால் மகன், தமிழிலும் மகன். ஆகவே ஐரிய மொழி தமிழிலிருந்து வந்தது என்று எழுதிவிடலாமே!

அன்புகூர்ந்து எழுதாதீர்கள். அயர்லாந்தில் ஓகம் என்னும் கோட்டெழுத்தில் பொறித்த பழங்கற்கள் பல உள்ளன. அவற்றில் இச்சொல் ‘மகுவி’ என்பது போன்ற வடிவில் வருகிறது. அதன் நடு ஒலி ககரமும் வகரமும் கலந்த ஒன்று. அவ்வொலி ஐரியத்தில் ககரமாயிற்று. வேல்சு மொழியில் இதழொலியாயிற்று. அதனால்தான் அங்கே மாக், இங்கே மாப். தமிழில் ‘மக’ என்பது பகுதி, ‘அன்’ ஆண்பால் ஈறு. ‘மகள்’, ‘மகவு’, ‘மக்கள்’ என்பன அதன் சுற்றம். இரண்டு சொற்களின் வேர்களும் வெவ்வேறு நிலத்தில் வளர்ந்தவை. ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயலாகலாம். பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒலிகள் ஒத்து நின்றால்தான் உறவு. இந்த நெறியைத் திராவிட மொழிகளுக்குப் பொருத்தி 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

சொல்லில் உறவில்லை. ஆனால் பெயரிடும் முறையில் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. ஓகம் கற்கள் ‘இன்னான் மகன் இன்னான்’ என்னும் அமைப்பில் பேசுகின்றன. கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டும் அவ்வாறே பேசுகிறது. செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேரர் மூன்று தலைமுறையை ‘மகன்’ என்னும் சொல்லால் அக்கல்வெட்டு கோத்துவைத்திருக்கிறது. ஒருவனை அறிமுகம் செய்ய வேண்டுமானால் அவன் தந்தையைச் சொல் என்பது, தொடர்பில்லாத இரு நிலங்களிலும் மனிதர் தாமே கண்ட வழி.

உறைந்த பெயரும் ஓடும் பெயரும்

தமிழில் இம்முறை இலக்கணத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆதன் தந்தை ‘ஆந்தை’ என்றும், பூதன் தந்தை ‘பூந்தை’ என்றும் புணரும் எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. பிசிர் என்னும் ஊரையும் ஆந்தை என்னும் பெயரையும் சேர்த்தால் பிசிராந்தையார். சாத்தன் மகனாகிய கொற்றன் ‘சாத்தங்கொற்றன்’ என்று உரைகாரர் எடுத்துக்காட்டுவர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் தாமும் வரிசையாக நிற்கின்றன. கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் தொழிற்பெயர். கின்னஸ் சாதனை நூலை முதலில் தொகுத்த இரட்டைச் சகோதரர்களின் குடும்பப் பெயர் மெக்விர்ட்டர். யாழிசைப்பவன் மகன் என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

பின்னாளில் ‘மகன்’ என்னும் சொல் மறைந்து, தலைப்பெழுத்து வந்தது. உ.வே.சாமிநாதையர் என்பதில் உகரம் உத்தமதானபுரம். வேகாரம் தந்தையார் வேங்கடசுப்பையர். நக்கீரனார் பெயரின் வரிசை மாறாமல் இருப்பதைக் காணுங்கள்.

இவ்வளவு ஒற்றுமைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அயர்லாந்தில் ஒரு தலைமுறையில் ‘மகன்’ உறைந்துவிட்டான். ஏங்குஸுக்குப் பின் பலநூறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவரும் ‘ஏங்குஸ் மகன்’தான். நம் முறையில் மகன் உறைவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் தந்தை பெயர் புதிதாக வந்து அமர்கிறது. முந்தைய பெயர் விலகுகிறது. விலகிய பெயர் மறைந்துபோகாமல் காப்பவன் யார்? பேரன். ‘பெயரன்’ என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். ஐரியர் ‘ஓ’ என்னும் சொல்லில் வைத்த பேரனை, நாம் பெயரிடும் வழக்கிலேயே வைத்தோம். அவர்கள் பெயர் கல்லைப் போல் நிற்பது. நம் பெயர் ஆற்றைப் போல் ஓடுவது. இரண்டில் எது உயர்ந்தது என்பது பேச்சன்று. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் என்ன நேரும் என்பதே பேச்சு.

நம்மவர் சென்ற சில நாடுகளில் ஆறும் உறைந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரீயூனியனில் ராமசாமியும் குவாதலூப்பில் முத்துசாமியும் பரம்பரைக் குடும்பப் பெயர்களாயின. தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, முதலி, கவுண்டர் என்பன ‘பிள்ளே’, ‘மூட்லி’, ‘கவெண்டர்’ எனத் திரிந்து நிலைத்தன. மலேசியாவில் நாம் உறையாமல் தப்பினோம். ஆங்கிலேயர் காலத்தில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்றும் பின்னர் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்றும் எழுதி, பழைய ‘மகனார்’ முறையைப் பத்திரங்களிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறோம். பெண் திருமணத்திற்குப் பின்னும் தன் தந்தை பெயரோடு நிற்பது இம்முறையின் மற்றொரு சிறப்பு. ஐரியத்திலும் மகளுக்குத் தனி முன்னொட்டு உண்டு. மகனுக்கு ‘மாக்’ என்றால் மகளுக்கு ‘நிக்’. ஆங்கில வடிவம் அதனை அழித்து, மகளையும் ‘மகன்’ என்றே எழுதிவைத்தது.

எழுத்தர் எழுதிய பெயர்

பெயரைத் தாங்குபவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்னும் நிலை வந்தால் பெயர் சிதைகிறது. 1465இல் ஒரு சட்டம், டப்ளினைச் சூழ்ந்த ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரியர் தம் பெயரை விட்டு, ஓர் ஊரின் பெயரையோ நிறத்தின் பெயரையோ தொழிலின் பெயரையோ சூட்டிக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டது. பின் வந்த நூற்றாண்டுகளில் பலர் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் தாமே உதிர்த்தனர். 1893இல் ஐரிய மொழியை மீட்க கேலிக் கழகம் தோன்றிய காலத்தை ஒட்டியே, உதிர்த்த முன்னொட்டுகளைப் பலர் மீண்டும் பூண்டனர். மொழி மீளத் தொடங்கும்போது பெயரும் மீள்கிறது.

நம் நாட்டில் அப்படிச் சட்டம் எதுவும் வரவில்லை. தோட்டத்துக் கிராணியார் காதில் விழுந்ததை எழுதினார்; அவ்வளவே. என் குடும்பக் கதையையே சொல்கிறேன். என் தந்தையார் பெயர் ககரத்தில் தொடங்குவது. என் பிறப்புப் பத்திரத்தில் அது ‘கே’யில் தொடங்கியது, என் தம்பியின் பத்திரத்தில் ‘ஜி’யில் தொடங்கியது. அவருடைய அடையாள அட்டையில் ஈற்றெழுத்தும் வேறு. அவர் மறைந்தபின் அவருடைய சிறுசேமிப்பைப் பெறச் சென்றபோது, மூன்று எழுத்துக்கூட்டலிலும் இருப்பவர் ஒரே மனிதர்தாம் என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தரச் சொன்னார்கள். என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். “உங்கப்பா ஒருத்தர்தானே, இதுக்கு ஏன்யா மூணு பேரு?” என்று அவர் கேட்டதற்கு, மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற என்னிடம் விடையில்லை.

பின்னர் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில், விண்ணப்பப் படிவத்தின் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் தந்தையார் பெயரை எழுதியிருந்தேன். மேடையில் அப்பெயரை அழைத்தார்கள். நான் எழவில்லை. இறந்துபோன என் தந்தையை ஏன் அழைக்கிறார்கள் என்று ஒரு கணம் திகைத்து, அதன்பின்னரே எழுந்தேன். உறைந்த பெயருக்கென வகுத்த கட்டத்தில் ஓடும் பெயரை ஊற்றினால் இப்படித்தான் நேரும். இன்று கடப்பிதழோடு வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. அவர்களுள் சிலர் ‘ஏ/எல்’லை ஓர் இழுக்காகக் கருதி மறைக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். அதன் பொருளை நாம் சொல்லித்தராததே காரணம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரைப் பிறப்புப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடன்பிறந்த இருவருக்குத் தந்தை பெயர் இருவகையாக இருந்தால் பெற்றோரிடம் இப்போதே சொல்லுங்கள். குழந்தைப் பருவத்தில் ஓர் எழுத்தாக இருக்கும் வேறுபாடு, பின்னாளில் ஒரு குடும்பத்தின் துயரமாகிறது.

இரண்டாவது, ‘ஏ/எல்’ என்பது குடும்பப் பெயரன்று, உறவுச்சொல் என்று மாணவர்க்கு விளக்குங்கள். அதற்குப் பின் வரும் பெயர் தந்தையுடையது என்று தயங்காமல் சொல்லப் பழக்குங்கள். சங்கப் புலவரின் ‘மகனார்’ என்னும் சொல்லே மலாய் உடையில் அங்கு நிற்கிறது என்று கூறினால், அக்குழந்தை அதனை மறைக்காது.

மூன்றாவது, ஒரு வகுப்பில் ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று பெயர்களை எழுதச் சொல்லுங்கள். தன் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர். பெண்பிள்ளைகள் தாய், பாட்டி பெயர்களையும் எழுதட்டும். தந்தை இல்லாத பிள்ளை தாய் வழியை எழுதட்டும். பெயர் ஒவ்வொன்றின் பொருளையும் வீட்டில் கேட்டுவரச் செய்யுங்கள். பாட்டன் பெயர் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று அன்று நமக்குப் புரியும். குடும்பப் பெயர் உள்ளவர்க்கு மறதியால் பெரிய இழப்பில்லை; பெயரே நினைவில் வைத்திருக்கும். நமக்கு அப்படியன்று. ஒரு தலைமுறை சொல்லித்தர மறந்தால், அதற்கு முந்தைய தலைமுறை பெயரின்றி மறையும்.

டப்ளின் குடும்பத்தின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மகனுக்குச் சாட்சியாக எஞ்சியது. புகளூர் மலையிலோ மூன்று தலைமுறையும் முழுதாக நிற்கின்றன. நம் பிள்ளைகளின் ஏட்டிலும் அம்மூன்று பெயர்களும் பிழையின்றி நிற்கட்டும்.